நாணலை எண்ணிய நங்கை

பொங்கலன்று வாசலில் சார்த்தி வைக்கும் கரும்பைக் கடித்துச் சுவைக்காதவர் நம் பள்ளியில் ஒருவரும் இரார். மேலூர்ப் பக்கம் விளையும் செங்கரும்பு கட்டுக் கட்டாகத் திருமங்கலத்துக் கடைத்தெருவில் வந்து இறங்கிவிட்டால் போதும், எங்களுக்கு விடுமுறை நினைவு வந்துவிடும். ஆனால் கடித்துத் தின்னும் அந்தக் கரும்பு வேறு, ஆலைக்குப் போய்ச் சீனியாகும் கரும்பு வேறு. ஆலைக் கரும்பின் உடம்பில் கண்மாய்க் கரையிலும் ஆற்றங்கரையிலும் கேட்பாரற்று வளரும் நாணலின் இரத்தம் ஓடுகிறது. இதைக் கேட்டவுடன் நாங்கள் நம்பவில்லை. புல்லாகக் கிடக்கும் நாணலையும் இனிக்கும் கரும்பையும் நுண்நோக்கியின் கீழ் வைத்து, அவற்றின் உறவு முறையைக் கணக்கெடுத்த ஒரு பெண்மணியின் வரலாற்றைப் படித்த பின்பே நம்பினோம். அவரே டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள்.

எடவலத்து கக்காட்டு ஜானகி என்பது அம்மையாரின் முழுப்பெயர். 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். தலச்சேரி இன்று கேரள மாநிலத்தில் இருக்கிறது. அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். இந்தியாவில் முதல் கிறிஸ்துமஸ் கேக் 1883-இல் அவ்வூர் அடுமனை ஒன்றில்தான் சுடப்பட்டது என்று சொல்வார்கள். (ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைப் பற்றிப் பின்னால் எழுதப் போகிறோம். அதனால் அடுமனை நினைவுக்கு வந்தது.) தந்தையார் கிருஷ்ணன் அவர்கள் சார்பு நீதிபதி. செடி கொடிகளிலும் பறவைகளிலும் பெரும் பற்றுடையவர். கடலோரத்து வீட்டில் நேர்த்தியான தோட்டம் போட்டிருந்தார். அவருக்கு இரு மனைவியர் வழியே பத்தொன்பது மக்கள். தாயார் பெயர் தேவி. இத்தனை பேர் நடுவே வளர்ந்த ஜானகி, தந்தையின் பின்னாலேயே தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் வியப்பில்லை.

அம்மையார் தொடக்கக் கல்வி பயின்றது கன்னியர் நடத்திய திரு இருதயப் பள்ளியில். நம்மைப்போல் அவரும் கான்வென்ட் மாணவி என்பதை அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைத் தோழியருக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னர்ச் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையானார்.

அக்காலத்தில் ஒரு பெண் இவ்வளவு படித்தாலே ஊர் வாய் மூடாது. சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. ஜானகியின் முறையும் வந்தது. அதே வேளையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம், ஆசிய நாட்டுப் பெண்களுக்கென வழங்கும் பார்பர் உதவித்தொகையை அவருக்கு அளிக்க முன்வந்தது. அம்மையார் கப்பலேறினார். இறுதிவரை திருமணமே செய்து கொள்ளவில்லை. மீனாட்சி அம்மனின் திருக்கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் செய்த ஊர் என்பதால் நம் ஊருக்குத் திருமங்கலம் என்ற பெயர் வந்ததாகப் பெரியோர் கூறுவர். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே சிரிப்பு வருகிறது. எங்கள் வகுப்பிலும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கும் மாணவியர் உண்டு. அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்த ஒரு பத்தியையாவது படித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அமெரிக்கா போய் இறங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. குடியேற்ற அதிகாரிகள் எல்லிஸ் தீவில் அவரை நிறுத்தி வைத்துவிட்டனர். நீண்ட கூந்தலையும் பட்டுச் சேலையையும் கண்டவர்கள், இவர் இந்திய இளவரசியாக இருக்க வேண்டும் என்று எண்ணி வழிவிட்டார்களாம். இளவரசிதானா என்று பிறகு யாரோ கேட்டதற்கு அம்மையார் மறுத்துச் சொல்லவும் இல்லை! 1924-இல் தொடங்கிய அந்தப் படிப்பு, நடுவில் சென்னைக்கு வந்து ஆசிரியப் பணி செய்து, மீண்டும் மிச்சிகன் சென்று, 1931-இல் டாக்டர் பட்டத்தில் முடிந்தது.

பட்டத்துக்காக அவர் செய்த ஆய்வு, நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களைப் பற்றியது. அது நம் கத்தரி, தக்காளிக் குடும்பத்துச் செடி. குரோமோசோம் என்பது செல்லின் உட்கருவில் நூல்போல் இருக்கும் பொருள் என்றும், டி.என்.ஏ. அதில்தான் சுற்றப்பட்டிருக்கிறது என்றும் நம் அறிவியல் நூலில் படித்திருக்கிறோம். வெங்காய வேர்நுனியில் அது பதினாறு. சாயம் ஏற்றி, நசுக்கி, நுண்நோக்கியில் அந்தப் பதினாறை எண்ணி முடிப்பதற்குள் கண் வலித்துவிடும். அம்மையாரோ நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் செடிகளை எண்ணினார். பத்து வகை, இருபது வகை அல்ல. வாழ்நாள் முழுவதும் எண்ணினார்.

தாயகம் திரும்பி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் இரண்டாண்டுகள் பேராசிரியையாக இருந்தபின், 1934-இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு மரபியல் அறிஞராக வந்தார். கரும்பு நன்றாகப் பூக்கும் தட்பவெப்பம் கோவையில் உண்டு என்பதால் 1912-இல் அந்நிலையம் அங்கே அமைக்கப்பட்டது. கரும்பில் பூ எதற்கு, கரணை வெட்டி நட்டால் முளைக்காதா என்று கிராமத்துத் தோழியர் கேட்கலாம். முளைக்கும், ஆனால் தாய் எப்படியோ அப்படியேதான் பிள்ளையும் இருக்கும். புதிய இனம் வேண்டுமானால் பூவோடு பூவைக் கலக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். இந்தியக் கரும்புக்கு இனிமை தந்தவரே ஜானகி அம்மாள்தான் என்று பல இடங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது முழு உண்மை ஆகாது. அம்மையார் வருவதற்கு முன்பே பார்பர், வெங்கட்ராமன் ஆகிய இருவரும் வெள்ளை என்ற பருத்த கரும்பை நாணலோடு கலந்து, கோ 205 என்ற இனத்தை உண்டாக்கிவிட்டனர். 1918-இல் அது வட இந்திய வயல்களுக்கும் போய்விட்டது. பருத்த கரும்பு இனிக்கும், ஆனால் நோஞ்சான். செவ்வழுகல் நோய் வந்தால் சாய்ந்துவிடும். நாணல் இனிக்காது, ஆனால் வறட்சி, வெள்ளம், நோய் எதற்கும் அஞ்சாது. இரண்டையும் சேர்த்ததுதான் கோவையின் வெற்றி. அப்படியானால் அம்மையார் செய்தது என்ன? அந்தக் கலப்பினங்களின் உள்ளே நடப்பதைக் கண்டு சொன்னார். எதை எதோடு கலந்தால் பயிர் நிற்கும், எதனால் மலடாகும் என்பதற்குக் காரணம் காட்டினார். இல்லாத புகழை ஏற்றிச் சொல்வதைவிட இதுவே அவருக்குப் பெருமை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனிப்புக் கரும்பில் 80 குரோமோசோம்கள். நாணலிலோ 40 முதல் 128 வரை, இடத்துக்கு இடம் மாறும்! ஒரே புல்லுக்கு ஏன் இத்தனை கணக்கு? அம்மையார் பல இடத்து நாணல்களை எண்ணிப் பார்த்து, அவற்றின் பரவலையும் உறவையும் ஆராய்ந்தார். நாணல் இனம் தோன்றிய இடம் இந்தியாவே என்ற முடிவுக்கும் வந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் சோளத்தோடும் தர்ப்பை இனத்துப் புல்லோடும் கலந்து பார்த்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பினம் பற்றி 1938-இல் எழுதினார். இப்படித் தூரத்து உறவுகளைச் சேர்த்தால் பெரும்பாலும் பிள்ளை பிறக்கும், பேரன் பிறக்க மாட்டான். செடி வளரும்; விதை பிடிக்காது.

காரணம் இதுதான். குன்றல் பகுப்பின்போது ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடிச் சென்று அருகருகே படுத்துக்கொள்கிறது. இரண்டும் பின்னிக்கொண்டு, சில இடங்களில் துண்டுகளை மாற்றிக்கொண்டு, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிகின்றன. தாய் வேறு இனம், தந்தை வேறு இனம் என்றால் இணை எங்கே கிடைக்கும்? திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப்போல் குரோமோசோம்கள் அங்கங்கே நின்றுவிடுகின்றன. ஒன்று எந்தப் பக்கம் போகும், எது தங்கும் என்பதற்கு ஒழுங்கு இல்லாமல் போகிறது. அந்த மகரந்தம் பயன்படாது.

1935-இல் சர் சி. வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அம்மையாரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் கோவையில் அவர் மனம் அமைதியாக இல்லை. தனித்து வாழும் பெண் என்பதாலும், தாழ்வாக எண்ணப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதாலும் உடன் பணிபுரிந்த ஆண்களிடையே அவர் பட்ட இடர்கள் பல என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு நடந்தது. அம்மையார் போயிருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரும்ப வழியில்லை. இலண்டனை ஒட்டிய மெர்ட்டன் என்னும் இடத்தில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் பணியாற்றத் தொடங்கினார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்குவார். காலையில் ஆய்வுக்கூட அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டு, நுண்நோக்கியின் முன் உட்காருவார். இந்தச் செய்தியைப் படித்தபோது, மின்சாரம் போனதும் புத்தகத்தை மூடிவிடும் எங்கள் சிலருக்குச் சுருக்கென்றது.

அங்கே அவரோடு பணியாற்றியவர் சிரில் டார்லிங்டன். குரோமோசோம்கள் பின்னிக்கொள்ளும் அந்தக் குறுக்குப் புள்ளிகளே அவை துண்டுகளை மாற்றிக்கொள்ளும் இடம் என்று உறுதிப்படுத்தியவர்களுள் முதன்மையானவர். அந்த எண்ணத்தை 1909-இல் முதலில் சொன்னவர் பெல்ஜியம் நாட்டு லூவெய்ன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் ஜான்சென்ஸ் என்ற குருவானவர் என்பது நம் அருட்சகோதரிகளுக்கு மகிழ்ச்சி தரும். பட்டாணியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலும் துறவி அல்லவா! டார்லிங்டனும் அம்மையாரும் சேர்ந்து, மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து, 1945-இல் ஒரு பெரிய அட்டவணை நூலாக வெளியிட்டனர். உலகெங்கும் பயிர் ஆய்வாளர்கள் கையில் அது நெடுங்காலம் இருந்தது.

குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்தது. எப்படி என்பது அப்போது தெரியாது, டி.என்.ஏ.வின் வடிவமே 1953-இல்தான் தெரிந்தது. அம்மையார் பணியாற்றிய அதே ஜான் இன்னஸ் நிறுவனம் பிற்பாடு பேஃபோர்ட்பரி என்ற ஊருக்கு இடம் மாறியது. அங்கே இருந்த ராபின் ஹாலிடே என்பவர், இரு டி.என்.ஏ. இழைகள் ஒன்றோடொன்று குறுக்கே கைகோத்து நிற்கும் ஒரு சந்திப்பை 1964-இல் வரைந்து காட்டினார். அவர் ஆராய்ந்தது பூஞ்சைகளை. அதன்பின் இந்த விடுகதையை அவிழ்த்ததில் பெரும்பங்கு ஈஸ்ட் என்னும் ஒரு செல் உயிருக்கு உண்டு. பன் ரொட்டியை உப்பச் செய்வதும் பதநீரைப் புளிக்கவைப்பதும் அதுதான். ஈஸ்ட்டில் குரோமோசோம் ஒரு தொகுதிக்குப் பதினாறே. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரட்டித்துவிடும். ஆகவே கரும்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுபோல் காத்திருக்க வேண்டாம்.

நம் செல்களின் டி.என்.ஏ.வில் ஒவ்வொரு நாளும் பழுது நேர்கிறது. வெயிலால், எக்ஸ் கதிரால், செல்லுக்குள்ளேயே பிறக்கும் வேதிப்பொருள்களால், டி.என்.ஏ. தன்னை நகலெடுக்கையில் ஏற்படும் இடறலால் என்று காரணங்கள் பல. இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் கெட்டால், எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்து கொள்ளலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்துவிட்டால்? அதுதான் ஆபத்து. சீர்செய்யாத ஒரே ஒரு முறிவு ஒரு ஈஸ்ட் செல்லைக் கொல்லப் போதும். அப்போது அறுந்த குரோமோசோம் தன் இணையை நாடுகிறது. நம் குறிப்பேட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோனால் பக்கத்துத் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறோமே, அதேபோல. (இந்த ஒன்றுக்கு மட்டும் ஆசிரியைகள் கோபிப்பதில்லை.) அறுந்த முனைகள் முதலில் கொறிக்கப்பட்டு, ஒற்றை இழை வால்போல் நீள்கிறது. ராட் 51 என்ற புரதம் அந்த வாலின்மேல் மணிமாலைபோல் படிகிறது. மாலை சூடிய வால், இணைக் குரோமோசோமில் தன்னைப் போன்ற வரிசை எங்கே என்று தேடிக் கண்டு, அதனுள் நுழைந்து, விடுபட்ட பகுதியை நகலெடுத்துக்கொள்கிறது. இதை மறுசேர்க்கைவழிப் பழுதுநீக்கம் என்கிறார்கள். முறிவிலிருந்து தொடங்கும் இந்த வழியை ஈஸ்ட் ஆய்வுகளைக் கொண்டு 1983-இல் வகுத்துச் சொன்ன நால்வரில் டெர்ரி ஓர்-வீவர் என்ற பெண்ணும் ஒருவர்; அப்போது அவர் ஆய்வு மாணவி.

இன்னொரு புதுமையும் உண்டு. குன்றல் பகுப்பில் செல் தன் டி.என்.ஏ.வைத் தானே வேண்டுமென்று அறுக்கிறது! அறுக்கும் புரதம் எது என்பது 1997-இல் ஈஸ்ட்டில் தெரியவந்தது. அறுந்தால்தான் இணையைத் தேடும், தேடினால்தான் பின்னிக்கொள்ளும், பின்னிக்கொண்டால்தான் ஒழுங்காகப் பிரியும். அம்மையார் நுண்நோக்கியில் கண்ட பின்னல்களின் பிறப்பு இதுவே.

எல்லாத் துணையும் நல்ல துணை ஆகிவிடாது. ஓரளவு மட்டும் ஒத்த வேறிடத்தைப் பார்த்து நகலெடுத்தால் குரோமோசோம் தாறுமாறாக ஒட்டிவிடும். ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும் புரதங்களும் செல்லில் இருக்கின்றன. ஒவ்வாமை மிகுந்தால் அவை சேர்க்கையைத் தடுத்துவிடும். 1996-இல் இரு வேறு ஈஸ்ட் இனங்களைக் கலந்து பார்த்தவர்கள், அந்தக் கலப்பினம் ஏறக்குறைய மலடாக இருப்பதற்கு இந்தக் காவலும் ஒரு காரணம் என்று கண்டனர். கோவையில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையே நின்ற சுவருக்கும் ஈஸ்ட்டில் தெரிந்த சுவருக்கும் உறவு உண்டு என்று எண்ணும்போது எங்களுக்குச் சிலிர்க்கிறது. மனிதரிலும் ராட் 51 உண்டு. அதைச் சரியான இடத்தில் கொண்டு சேர்க்கும் பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணு பழுதாகப் பிறந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகுதி. தாய்மார்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் இதையும் சேர்த்தோம்.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம். போர் முடிந்தபின் விஸ்லி என்னும் ஊரில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் செல்லியல் அறிஞராகச் சேர்ந்தார். அங்கே சம்பளம் பெற்றுப் பணியாற்றிய முதல் பெண் அறிவியலாளர் அவரே. நம் நாட்டு அணில்பிள்ளை ஒன்றைச் சேலை மடிப்பில் ஒளித்து அங்கே கொண்டுபோய் வளர்த்ததாக அவர் குடும்பத்தார் சொல்வதுண்டு. அங்கே அவர் மிகுதியாகக் கையாண்டது கால்ச்சிசின் என்ற மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர் இழைகளை அது உருவாகவிடாது. குரோமோசோம்கள் இரட்டித்தபின் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். மலடாக இருந்த கலப்பினத்தில் இப்படி எண்ணிக்கையை இரட்டித்தால், ஒவ்வொன்றுக்கும் தன் சாயலிலேயே ஓர் இணை கிடைத்துவிடுகிறது; விதை பிடிக்கத் தொடங்குகிறது! ஐரோப்பாவில் ஒரு குங்குமப்பூச் சாயல் செடியிலிருந்து எடுத்த இம்மருந்து, நம் தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று நம் பக்கத்தார் அஞ்சி ஒதுக்குவார்களே, அதேதான். அது கொடிய நஞ்சு. தோழியர் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

நம் செண்பகத்தின் உறவான மக்னோலியாவின் இளஞ்செடிகளுக்கு அம்மையார் இம்மருந்தைக் கொடுத்து, விஸ்லியில் ஒரு குன்றின்மேல் நட்டுவைத்தார். அவற்றுள் வெண்ணிறப் பூப்பூக்கும் ஒரு வகைக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

1951-இல் பிரதமர் நேரு அவர்கள், இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்க வருமாறு அழைத்தார். அம்மையார் திரும்பி வந்து, 1952-இல் தனி அலுவலராகப் பொறுப்பேற்றார். வந்து கண்ட காட்சி வேறாக இருந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நாடெங்கும் காடுகள் வெட்டப்பட்டுக் கொண்டிருந்தன. அசாமின் அந்தப் பகுதியிலேயே ஒன்றே ஒன்றாக நின்ற ஓர் அரிய மக்னோலியா மரத்தைப் பார்க்க, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். மரம் எரிந்து கிடந்தது. வாழ்நாளெல்லாம் மரங்களின் உள்கணக்கை எழுதியவர், கணக்கெடுக்கும் முன்பே ஒரு பக்கம் கருகிப்போனதை எப்படித் தாங்கினாரோ! பயிரின் காட்டு உறவுகளும், பழங்குடி மக்கள் போற்றிவரும் செடிகளும் அழிந்துவிட்டால், நாளை பயிருக்கு நோய் வரும்போது எங்கே போய்த் தேடுவது என்ற கவலை அன்றுமுதல் அவரை விடவில்லை. நாணல் இல்லாவிட்டால் கோ 205 ஏது? 1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றி உலக அறிஞர்கள் கூடிய கருத்தரங்கில், அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். இந்தியக் குடியானவர்களின் தன்னிறைவு வாழ்க்கை குறித்து அங்கே பேசினார்.

தாவரவியல் துறையின் தலைமைப் பதவியோ அவருக்குக் கிடைக்கவில்லை. 1954-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த சேசு சபைக் குரு சாந்தாபாவ் அடிகளார் தலைமைத் தாவரவியலாளராக அமர்த்தப்பட்டார். அம்மையாருக்கு அது ஆறாத வருத்தம். அடிகளார் பம்பாயில் பல்லாண்டு தாவரங்களைச் சேகரித்து வகைப்படுத்திய பேரறிஞர். நம் நாட்டுக்கே தம்மைத் தந்தவர். அதில் ஐயமில்லை. ஆனாலும் சீரமைக்க அழைத்து வந்தவரிடமே அப்பொறுப்பைத் தந்திருக்கலாம் என்றே நாங்கள் எண்ணுகிறோம். அதைச் சொல்வதால் அடிகளாருக்குக் குறைவு வந்துவிடாது.

அலகாபாத் மத்தியத் தாவரவியல் ஆய்வகம், ஜம்மு மண்டல ஆய்வகம், சிறிது காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையம் என்று ஊர் ஊராகப் பணி தொடர்ந்தது. 1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்து, மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்திலேயே தங்கிவிட்டார். மூலிகைத் தோட்டம் போட்டார். ஏராளமான பூனைகளை வளர்த்தார். குட்டிக்குக் குட்டி என்ன மாற்றம் என்று அவற்றையும் உற்றுநோக்குவார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

எண்பது வயதில் மறுபடியும் ஒரு போராட்டம். பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சார அணை கட்டத் திட்டம் வந்தது. அணை வந்தால் மழைக்காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். கவிஞர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்து எழுந்தனர். மின்சாரம் வேண்டும் என்ற மக்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மையார் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியைத் தொடங்கினார். வெள்ளம் சூழும் முன் ஒவ்வொரு செடியின் உள்ளேயும் என்ன எழுதியிருக்கிறது என்று பதிந்து வைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1984 பிப்ரவரி 7-ஆம் நாள் மதுரவாயல் ஆய்வகத்தில் பணியின் நடுவே அம்மையார் காலமானார். அணை கட்டப்படவில்லை. அதே ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆலைக் கரும்பின் குரோமோசோம்களிலுள்ள மரபுச்செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்து 2024-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் பல படிகள் இருந்ததால் கோதுமை, நெல் எல்லாவற்றுக்கும் பிறகே கரும்பு முடிந்தது. இனிப்புக் கரும்பின் பங்கு எது, நாணலின் பங்கு எது என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் மதுரைக்கு அண்மையில் கொடைக்கானலில் ரோஜாக்களை வளர்த்துக் கலப்பினங்கள் உருவாக்கிய வீரராகவன், கிரிஜா தம்பதியர், தாங்கள் உண்டாக்கிய ரோஜா ஒன்றுக்கு இ. கே. ஜானகி அம்மாள் என்று பெயரிட்டுள்ளனர்.